கல்பாத்தி ராமநாதன்

பிப்ரவரி 28-ஆம் நாளை நாம் ஆண்டுதோறும் தேசிய விஞ்ஞான நாளாகக் கொண்டாடுகிறோம். 1928-ல் அந்த நாளில்தான் சர் சி. வி. ராமன் கல்கத்தாவில் தம் புகழ்பெற்ற விளைவைக் கண்டறிந்தார். படத்துக்கு மாலை சாற்றுகிறோம், சொற்பொழிவு கேட்கிறோம், தேநீர் அருந்திக் கலைகிறோம். அதே பிப்ரவரி 28 இன்னொரு பெரிய விஞ்ஞானியின் பிறந்த நாள் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ராமன் விளைவு பிறந்த அன்று அவருக்குச் சரியாக 35 வயது நிறைந்தது. அதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. அந்த விளைவை 5 ஆண்டுகளுக்கு முன்பே தம் கண்ணால் கண்டவர் அவர். கண்டார்; அளந்தார்; எழுதியும் வைத்தார். ஆனால் அதற்கு வேறு பெயர் சொல்லிவிட்டார்.

அவர்தாம் கல்பாத்தி ராமகிருஷ்ண ராமநாதன். நம் சங்கத்தில் பாலக்காடு, சித்தூர்ப் பக்கத்து மாணவர்கள் இருக்கிறார்கள். தேவிகுளம், பீர்மேடு மலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். கல்பாத்தித் தேரைப் பற்றிச் சொன்னவர்கள் பலர். ராமநாதனைப் பற்றிச் சொன்னவர் ஒருவரும் இல்லை. ஆகவேதான் எழுத முற்பட்டேன். நான் கொழிஞ்சாம்பாறையில் வளர்ந்தவன். ஊர்ப்பற்றால் எழுதுகிறேன் என்று யாரேனும் சொன்னால் மறுக்க மாட்டேன்.

கல்பாத்தி, பாலக்காட்டு நகரை ஒட்டி ஆற்றங்கரையில் அமைந்த அக்கிரகாரம். இரு மருங்கும் திண்ணை வைத்த வீடுகள், நடுவே விசுவநாதர் கோயில். கணவாய் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் குடியேறியவர்களின் ஊர். வீட்டில் தமிழ், வீதியில் மலையாளம், பாடசாலையில் வடமொழி என்று மூன்று மொழிகளும் ஒன்றாக வளர்ந்த இடம். இங்கிருந்து புறப்பட்ட இளைஞர்கள் பிற்காலத்தில் பம்பாயிலும் டெல்லியிலும் தட்டச்சும் சுருக்கெழுத்தும் செய்து பேர் வாங்கினார்கள். பாலக்காட்டுக்காரர் என்றாலே கோப்பும் பேனாவும் என்று கேலி பேசுவோரும் உண்டு. 1893-ல் அவ்வூரில் பிறந்த ராமநாதனும் வெளியூர் போனவர்தாம். ஆனால் அவர் கையாண்டவை வேறு கருவிகள்.

பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் படித்தார். பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம். 1914-ல் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பௌதிக ஆசிரியர் குழுவில் சேர்ந்தார். அங்கே ஏறக்குறைய 7 ஆண்டுகள் கழிந்தன. சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் ஏற்பட்ட வானாய்வுக் கூடம் அந்நகரில் இருந்தது. மழையையும் இடியையும் அளந்து குறிக்கும் பழக்கம் அவருக்கு அங்கேயே படிந்துவிட்டது. இருந்தும் மனம் நிறையவில்லை. 1921-ல் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. கல்கத்தாவில் ராமனிடம் போய்ச் சேர்ந்தார்.

அந்த ஆண்டுதான் ராமன் கப்பலில் ஐரோப்பா சென்று திரும்பியிருந்தார். கடலின் நீலம் வானத்து நீலத்தின் பிம்பம் அன்று, நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற எண்ணம் அவருள் தோன்றியிருந்தது. திரும்பியதும் தம்மிடம் வந்தவர்களையெல்லாம் அந்த வேலையில் இறக்கிவிட்டார். ராமநாதன் அவர்களுள் முதன்மையானவர். கடல் நிறத்தைப் பற்றியே 1923-ல் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். இதற்கிடையே ரங்கூன் பல்கலைக் கழகக் கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. பாடம் நடத்துவது பர்மாவில். விடுமுறை விட்டதும் கப்பலேறிக் கல்கத்தாவுக்கு வந்துவிடுவார். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நம்மைப் போன்றவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

1923-ஆம் ஆண்டுச் சோதனை பௌதிகம் படிக்காத நண்பர்களுக்கும் எளிதில் விளங்கக் கூடியதே. சூரிய ஒளியைக் கண்ணாடி வில்லையால் குவித்து, ஊதாக் கண்ணாடி ஒன்றின் வழியே செலுத்தினார்கள். ஊதா நிறம் மட்டுமே அதைக் கடந்து தூய திரவத்துக்குள் போகும். திரவம் அதைப் பக்கவாட்டில் சிதறடிக்கும். அப்படிச் சிதறிய ஒளியைப் பச்சைக் கண்ணாடி வழியே பார்த்தார்கள். சிதறும்போது ஒளி தன் நிறத்தை மாற்றிக் கொள்வதில்லை என்பது அன்றைய கொள்கை. அப்படியானால் பச்சைக் கண்ணாடிக்கு அப்பால் இருள்தான் இருக்க வேண்டும். ஆனால் இருளில்லை. மங்கலாக ஓர் ஒளி தெரிந்தது.

திரவத்தில் அழுக்கு ஏதோ இருக்கிறது, அது தானாக ஒளிர்கிறது என்று எண்ணுவது இயற்கை. ராமநாதன் திரவத்தை வெற்றிடத்தில் மெல்ல மெல்ல வடித்தார். பார்த்தார், ஒளி இருந்தது. மீண்டும் வடித்தார், மீண்டும் இருந்தது. எத்தனை முறை தூய்மை செய்தும் அது போகவில்லை. இறுதியில் வலுவற்ற ஒளிர்வு என்று பெயரிட்டுக் கட்டுரையில் சேர்த்துவிட்டார். ராமனுக்கு இந்த விளக்கத்தில் திருப்தி ஏற்படவில்லை. வத்திராயிருப்பிலிருந்து வந்த கே. எஸ். கிருஷ்ணனும் பின்னர் பல திரவங்களில் அதே ஒளியைக் கண்டார். 1928 பிப்ரவரியில் அந்த ஒளி முனைவாக்கம் பெற்றது என்று தெரிந்தது. ஒளிர்வாக இருந்தால் அப்படி இராது. சூரிய ஒளிக்குப் பதில் பாதரச விளக்கை வைத்து நிறமாலைமானியில் நோக்கியபோது புதுக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. மூலக்கூறுகள் ஒளியோடு ஆற்றலைக் கொடுத்து வாங்கி, அதன் நிறத்தையே மாற்றிவிடுகின்றன என்பது உறுதியாயிற்று. 1930-ல் ராமனுக்கு நோபல் பரிசு. பரிசுச் சொற்பொழிவில் ராமநாதனின் 1923-ஆம் ஆண்டுச் சோதனையை அவர் மறவாமல் குறிப்பிட்டார்.

ராமநாதன் கை நழுவ விட்டார் என்று இதைப் பற்றிப் பேசுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சூரிய ஒளியில் எல்லா நிறமும் பிணைந்து கிடக்கின்றன. அதை வைத்துக் கொண்டு புதுக் கோடுகளைப் பிரித்துக் காண்பது அரிது. தவிர, கொள்கைக்கு ஒவ்வாத மங்கல் ஒளியை மறைக்காமல், கூட்டாமல், குறைக்காமல் அவர் எழுதி வைத்தார். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பின்னால் வந்தவர்கள் எதைத் தொடர்ந்திருப்பார்கள்? பெயர் தவறாக இருந்தது. கண்டது தவறாக இல்லை.

1925-லேயே அவர் இந்திய வானிலை இலாகாவில் சேர்ந்துவிட்டார். நிலையான சம்பளம் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். குடும்பஸ்தருக்கு அது சிறிய விஷயமன்று. ஆனால் அரசாங்க வேலை அவரைத் தூங்க வைக்கவில்லை. ஆக்ராவில் அப்போது மேல்வானத்து ஆராய்ச்சிக்கென்று ஒரு நிலையம் இருந்தது. வெப்பத்தையும் அழுத்தத்தையும் தானே பதிவு செய்யும் சிறு கருவியைப் பலூனில் கட்டி உயரே விடுவார்கள். உயரத்தில் பலூன் வெடிக்கும். கருவி எங்கோ வயலில் விழும். கண்டெடுத்த உழவர் கொண்டுவந்து கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் போனதுதான்.

இந்தப் பதிவுகளையும் பிற நாடுகளின் பதிவுகளையும் சேர்த்து வைத்து, 1929-ல் ராமநாதன் ஒரு படம் வரைந்தார். உலகெங்கும் வானிலை நூலார் அதைக் கண்டு வியந்தார்கள். பூமியைச் சூழ்ந்த கீழ்வானத்தில் மிகக் குளிர்ந்த காற்று எங்கே இருக்கிறது? வடதுருவத்தில் என்போம். இல்லை, நிலநடுக்கோட்டின் மேலே, சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில், தட்டையான வளையமாகப் பூமியைச் சுற்றிக் கிடக்கிறது. அங்கே குளிர் சென்டிகிரேடு அளவில் பூஜ்யத்துக்குக் கீழே 80 பாகைக்கும் அதிகம். காரணம் சொன்னால் எளிது. வெப்ப நாட்டில் சூடேறிய காற்று வேறெங்கும் இல்லாத அளவு உயர எழுகிறது. எழ எழ விரிகிறது. விரிய விரியக் குளிர்கிறது. பங்குனி வெயிலில் கணவாய்க் காற்று முகத்தைச் சுடும்போது, நம் தலைக்கு நேர் மேலே துருவத்தை வெல்லும் குளிர் இருக்கிறது என்பதைக் கண்டு சொன்னவர் அந்தக் கணவாய்க் காற்றிலேயே பிறந்தவர்.

இனி ஓஸோனுக்கு வருகிறேன். அவர் வாழ்வில் அதிக ஆண்டுகளை எடுத்துக் கொண்டது அதுதான். நாம் மூச்சு வாங்கும் பிராணவாயுவில் 2 அணுக்கள், ஓஸோனில் 3. வானத்திலுள்ள ஓஸோன் முழுவதையும் கீழே கொணர்ந்து தரைமட்டத்து அழுத்தத்தில் வைத்தால், அதன் கனம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். இந்த மெல்லிய போர்வைதான் சூரியனின் கொடிய புறஊதாக் கதிர்களைத் தடுத்து நம்மைக் காக்கிறது. வானநூலாருக்கோ இதே போர்வை இடையூறு. சூடான நட்சத்திரங்கள் மிகுதியாக வீசுவது புறஊதா ஒளியைத்தான். தரையில் எவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்தாலும் 2900 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைந்த அலைநீளத்தில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் 2015-ல் நம் நாடு ஆஸ்ட்ரோசாட் என்ற செயற்கைக் கோளில் புறஊதாத் தொலைநோக்கி ஒன்றை இந்தப் போர்வைக்கு மேலே ஏற்றியது. 930 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்திலிருந்து கிளம்பிய கடும்புறஊதா ஒளியை அது பிடித்த செய்தி 2020-ல் வெளிவந்தது.

ஓஸோனை அளக்கும் கலையை வளர்த்தவர் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த டாப்ஸன். சூரிய ஒளியில் ஓஸோன் விழுங்கும் ஒரு நிறத்தையும், அவ்வளவாக விழுங்காத இன்னொரு நிறத்தையும் ஒப்பிட்டு அளவைக் கணிப்பது அவர் முறை. 1928-ல் அவர் தம் கருவிகளை உலகின் தொலைவான 4 இடங்களுக்கு அனுப்பினார். கலிபோர்னியா, எகிப்து, நியூசிலாந்து ஆகியவற்றோடு நான்காவது நம் கொடைக்கானல். சூரிய ஆராய்ச்சிக்கென்றே 1899-ல் ஏற்பட்ட கூடம் அங்கே இருந்தது. சூரியக் களங்கத்திலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-ல் எவர்ஷெட் கண்டதும் அங்கேதான். மேற்கே சரிந்தால் இடுக்கி மாவட்டத்து வட்டவடையும் காந்தலூரும். எல்லை மலையில் எடுத்த ஒளிப்படத் தகடுகளை ஆக்ஸ்போர்டுக்கு அனுப்பி அங்கே கழுவிப் பார்த்தார்கள். வடநாடுகளைவிட வெப்ப நாடுகளின் மேலே ஓஸோன் குறைவு என்ற செய்தி இவ்வாறு தெரிய வந்தது. குளிர்ந்த காற்று வளையம் நம் மேலே. மெலிந்த ஓஸோனும் நம் மேலே. ராமநாதன் இந்த இரண்டையும் சேர்த்து வைத்து எண்ணத் தொடங்கினார். பூனாவிலும், பின்னர் பிற இடங்களிலும் ஓஸோன் அளவை நிலையாக நடக்கும்படி செய்தார். 1957 முதல் கொடைக்கானலிலும் டாப்ஸன் கருவி தொடர்ந்து இயங்கியது.

1948-ல் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு. வயது 55. மற்றவர்கள் சாய்வு நாற்காலி வாங்கும் வயது. ஆமதாபாதில் விக்ரம் சாராபாய் என்ற இளைஞர் 1947 நவம்பரில் பௌதிக ஆராய்ச்சிக் கூடம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். சாராபாய்க்கு அப்போது 28 வயது. கட்டிடம் இல்லை, ஒரு கல்லூரியில் கடன் வாங்கிய அறைகள். ராமநாதன் அங்கே முதல் இயக்குநராகப் போனார். தந்தை வயதுடையவர் இயக்குநர், மகன் வயதுடையவர் நிறுவனர்; இருவருக்கும் இடையே 18 ஆண்டுகள் அந்த ஏற்பாடு குலையாமல் நடந்தது. இன்றைய நம் சங்கத் தேர்தல்களை நினைத்தால் பெருமூச்சு வருகிறது, அது கிடக்கட்டும். சாராபாய் காஸ்மிக் கதிர்களைப் பார்த்துக் கொண்டார், ராமநாதன் வாயுமண்டலத்தை. 1952-ல் புதுக் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டியவர் ராமன். 1954-ல் நேரு திறந்து வைத்தார்.

அங்கே செய்த வேலைகளுள் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன். மாலையில் சூரியன் தாழும்போது உச்சி வானத்தின் ஒளியில் 2 புறஊதா நிறங்களை ஒப்பிட்டுக் கொண்டே வந்தால், அவற்றின் விகிதம் ஒரு பக்கமாக மாறிக் கொண்டே போய், சூரியன் அடிவானத்தை நெருங்கும்போது திடீரென்று எதிர்ப்பக்கம் திரும்பும். ஓஸோன் எந்த உயரத்தில் எவ்வளவு இருக்கிறது என்ற இரகசியம் அந்தத் திருப்பத்தில் ஒளிந்திருக்கிறது. ஜெர்மன் மொழியில் இதற்கு உம்கெர் விளைவு என்று பெயர். பலூன் இல்லாமல், ராக்கெட் இல்லாமல், தரையில் நின்று வானத்தைப் பார்த்தே இந்த இரகசியத்தைக் கணக்கிடும் முறையை ராமநாதனும் அவர் மாணவர் ஜே. வி. தவேயும் 1957-ல் வகுத்தார்கள். பல நாட்டு நிலையங்கள் அதை ஏற்றன. வெப்ப நாடுகளில் ஓஸோன் ஏறக்குறைய 2 ஆண்டுக்கு ஒரு முறை ஏறி இறங்குகிறது, மேல்வானத்துக் காற்றின் திசை மாற்றத்தோடு அது ஒத்துப் போகிறது என்பதையும் 1963-ல் அவர் எடுத்துக் காட்டினார். அப்போது அவருக்கு வயது 70.

உலகம் அவரை அறிந்திருந்தது. 1954 முதல் 1957 வரை சர்வதேச நிலஅளவை, புவிப்பௌதிகச் சங்கத்தின் தலைவர் அவரே. 1957-58 சர்வதேசப் புவிப்பௌதிக ஆண்டுக்கு உலக நாடுகள் ஆயத்தம் செய்த காலம் அது. கீழை நாட்டிலிருந்து ஒருவர் அந்த இருக்கையில் அமர்வது எளிய செய்தியன்று. 1961-ல் உலக வானிலை நிறுவனத்தின் உயர்ந்த பரிசு வந்தது. 1965-ல் பத்மபூஷண், 1976-ல் பத்மவிபூஷண். 1966-ல் இயக்குநர் பதவியைச் சாராபாயிடம் ஒப்படைத்தார்; ஆராய்ச்சிக் கூடத்தை விட்டுப் போகவில்லை. சாராபாய் 1971-ல் கோவளத்தில் திடீரென்று மறைந்தார். மூத்தவர் அதையும் பார்க்க நேர்ந்தது.

1984 டிசம்பர் 31 அன்று, 91-ஆம் வயதில், ராமநாதன் காலமானார்.

நான்கரை மாதம் கழித்து, 1985 மே மாதத்தில், பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அண்டார்க்டிகாவின் மேலே வசந்த காலத்தில் ஓஸோன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது என்றது அது. ஓஸோன் துளை என்று உலகமே அலறியது. 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் ஏற்பட்டு, அதற்குக் காரணமான ரசாயனப் பொருள்கள் தடை செய்யப்பட்டன. அந்தத் துளையைக் காட்டியது டாப்ஸன் கருவி. அளவு தொடங்கியது புவிப்பௌதிக ஆண்டை ஒட்டி. 1985-க்குப் பிறகு விழித்துக் கொண்டு அளக்கத் தொடங்கியிருந்தால் எதிலிருந்து குறைந்தது என்று சொல்ல முடியாது. ஆண்டுக்கணக்காகச் சலிக்காமல் நாள்தோறும் அளந்து வைத்த மனிதர்களின் உழைப்பு அது. அவர்களில் முன்வரிசையில் நின்றவர் கல்பாத்திக்காரர்.

இளமையில் கண்ட மங்கல் ஒளிக்கும் முதுமையில் அளந்த ஓஸோனுக்கும் தொடர்பு இருப்பதாக முதலில் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இருக்கிறது. சூரியனின் நிறமாலையில் ஆயிரக்கணக்கான கருங்கோடுகள் உண்டு. வானத்து ஒளி, காற்று சிதறடித்த சூரிய ஒளிதானே? அதிலும் அந்தக் கோடுகள் அதே கருமையோடு இருக்க வேண்டும். 1962-ல் கிரெய்ஞ்சர், ரிங் என்ற இருவர் பார்த்தபோது அவை சற்றே வெளுத்திருந்தன. காற்று மூலக்கூறுகள் சுழலும்போது ஒளியின் நிறத்தை மிகச் சிறிதளவு நகர்த்திவிடுகின்றன. நகர்ந்த ஒளி கருங்கோட்டுக்குள் விழுந்து அதை மங்கச் செய்கிறது. ராமன் விளைவேதான் அது. செயற்கைக் கோளிலிருந்து ஓஸோனை அளப்போர் இதைக் கழித்தே கணக்கிட வேண்டியிருக்கிறது. கல்கத்தாவில் குடுவைக்குள் பார்த்த அந்த மங்கல் ஒளி, ஆமதாபாதில் மாலைதோறும் பார்த்த உச்சி வானத்திலும் கலந்தே இருந்திருக்கிறது!

அவர் வளர்த்த ஆராய்ச்சிக் கூடம் பெரிதாகிவிட்டது. ராஜஸ்தானத்து அபு மலையில் தொலைநோக்கிகளும், உதயப்பூர் ஏரியில் சூரிய ஆய்வுக் கூடமும் அதற்கு உண்டு. 2023 செப்டம்பரில் புறப்பட்ட ஆதித்யா-எல்1 கலத்தில், சூரியக் காற்றை அளக்கும் கருவி அங்கே உருவானது. அதே கலத்திலுள்ள மற்றொரு தொலைநோக்கி 2000 முதல் 4000 ஆங்ஸ்ட்ராம் வரை சூரியனைப் படம் பிடிக்கிறது. ஓஸோனை ஆக்குவதும் அழிப்பதும் பெரும்பாலும் அந்தப் பகுதி ஒளிதான். பிற நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்களின் காற்றில் உயிர்க்குறி தேடுவோர் நாடும் வாயுக்களிலும் ஓஸோன் ஒன்று.

இன்னும் ஒன்று. வெண்குறுமீன் ஒன்றும் செம்பெருமீன் ஒன்றும் இணைந்து சுழலும் கூட்டு நட்சத்திரங்கள் சில வானத்தில் உள்ளன. அவற்றின் நிறமாலையில் 6825, 7082 ஆங்ஸ்ட்ராமில் 2 அகன்ற சிவப்புக் கோடுகள் தெரியும். எந்தத் தனிமத்தின் கோடுகள் என்று பல ஆண்டுகளாக ஒருவராலும் சொல்ல முடியவில்லை. 1989-ல் ஷ்மிட் என்ற வானநூலார் விடை சொன்னார். அவை எந்தத் தனிமத்தின் நேர்கோடுகளும் அல்ல. வெண்குறுமீனைச் சூழ்ந்த பிராணவாயு வீசும் புறஊதா ஒளி, செம்பெருமீனைப் போர்த்திய ஹைட்ரஜனில் பட்டு நிறம் மாறிச் சிவப்பாக வெளிவருகிறது. அதாவது ராமன் விளைவு. அதை உறுதி செய்ய அந்த ஒளி முனைவாக்கம் பெற்றிருக்கிறதா என்று பார்த்தார்கள். பெற்றிருந்தது. 1928 பிப்ரவரியில், ராமநாதனின் மங்கல் ஒளி வெறும் ஒளிர்வு அன்று என்று காட்டிய அதே சோதனைதான் அது.